நந்தியாவட்டை லேபுக்குப் போன கதை!

"கண்ணுக்குள்ள சிலந்தி வலை கட்டியிருக்குய்யா..."

கோச்சடையில் எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்துக்கிட்டு ஒரு சாயங்காலம் எங்க அப்பத்தா விட்ட டயலாக் இது. நான் அப்ப செல்போன்ல பிஸி. "ஒட்டடை அடிச்சிருவோம் அப்பத்தா"ன்னு ஒரு மொக்கை ஜோக்கைப் போட்டுட்டு மறந்துட்டேன். அந்த மொக்கையை நினைச்சா இப்பவும் என் தலையில நானே குட்டிக்கணும் போல இருக்கு.

அப்பத்தாவுக்குப் பதினஞ்சு வருஷமா சுகர். மாத்திரை போடுறாங்க, காபியில சர்க்கரை கிடையாது, முத்தையா கோயில் பொங்கல்னா மட்டும் கண்ணை மூடிக்கிட்டு ஒரு கை. இந்தச் சிலந்தி வலைக்கு அவங்களே ஒரு ட்ரீட்மென்ட்டும் ஆரம்பிச்சிருந்தாங்க. வாசல்ல நிக்குற நந்தியாவட்டைப் பூவை ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு, காலையில அந்தத் தண்ணியில கண்ணைக் கழுவுறது. அது பத்தலைன்னு பூவைக் கசக்கிச் சாறு எடுத்து ரெண்டு ரெண்டு சொட்டு. ஏன்னு கேட்டா, "கண்ணுக்குக் குளிர்ச்சிய்யா. எங்க ஆத்தா காலத்துலருந்து ஊத்துறோம்."

சரி, அப்பத்தா அப்படித்தான்னு விட்டுடலாம். எம்.எஸ்ஸி. பாட்டனி படிக்கிற நம்ம ஃப்ரெண்டு ஒருத்தன் வீட்டுக்கு வந்தவன், இதைக் கேட்டதும் துள்ளிக் குதிச்சான். "மச்சி, அப்பத்தா ஜீனியஸ்டா! நந்தியாவட்டை சொந்தக்காரச் செடிகள்ல வோகாங்கின்னு ஒரு ஐட்டம் இருக்கு. அது புது ரத்தக்குழாய் வளர்றதைத் தடுக்குதுன்னு 2012-லயே கொரியாக்காரங்க பேப்பர் போட்டுட்டாங்க. சுகர்காரங்க கண்ணுல கண்டபடி வளர்றதும் ரத்தக்குழாய்தானே?"

பையன் சொன்னது பொய்யில்ல. அந்தப் பேப்பர் நிஜம். அப்போ அப்பத்தா ஊத்துனது மருந்தா? இந்த வாரம் மேட்டர் அதுதான் பாஸ்.

முதல்ல கண்ணுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துருவோம். கண்ணோட பின்சுவர்ல விழித்திரைன்னு ஒரு மெல்லிய படலம். ரெட்டினா, ரெட்டினாம்பாங்களே, அதேதான். கேமராவுல ஃபிலிம் மாதிரி. (ஃபிலிம் தெரியாத ஜெனரேஷன் அப்பாகிட்ட கேட்டுக்கோங்க.) அதுக்கு ஆக்ஸிஜன் பசி ரொம்ப ஜாஸ்தி. வருஷக்கணக்கா ரத்தத்துல சர்க்கரை ஏறி ஏறி நின்னா, அங்க போற முடி மாதிரிக் குட்டிக் குழாய்கள் கெட்டுப்போய், கசிஞ்சு, சில இடத்துல அடைச்சுக்கும். உடனே பட்டினி கிடக்குற விழித்திரை ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும்: 'புது லைன் போடுங்கப்பா!' அந்த எஸ்.எம்.எஸ். ஒரு புரதம். பேரு வி.இ.ஜி.எஃப். தகவல் போனதும் புதுசு புதுசா குழாய் முளைக்க ஆரம்பிக்கும்.

நல்ல விஷயம்தானேன்னு தோணும். அங்கதான் ட்விஸ்ட். இது அவசரத்துக்குப் போட்ட லைன். சுவர்ல பலம் இருக்காது, போகக்கூடாத பக்கம் போகும், லேசா இழுத்தாலே உடையும். உடைஞ்சா கண்ணுக்குள்ள இருக்கிற ஜெல்லுல ரத்தம் கலந்து கறுப்பு நூல், புகை, கொசு, சிலந்தி வலைன்னு விதவிதமாத் தெரியும். இன்னும் முத்திப்போனா அந்தக் குழாய்களோட வளர்ற தழும்பு விழித்திரையையே சுவர்லருந்து பிய்ச்சு இழுத்துடும். இவ்வளவும் நடக்கிறப்போ வலின்னு ஒண்ணு இருக்கவே இருக்காது. நோயே வில்லங்கமா இருக்கிறது அங்கதான். வலிச்சிருந்தா அப்பத்தா ஊரையே கூட்டியிருப்பாங்க.

இதே மாதிரி வேண்டாத குழாய் வளர்றது சுகர்காரங்களுக்கு மட்டும் இல்ல. குறைமாசத்துல பிறந்த குழந்தைகளோட விழித்திரையில, வயசானவங்களோட விழித்திரைக்குப் பின்னாடி, புண் வந்து ஆறுன கருவிழியில, எல்லா இடத்துலயும் நடக்கும். கடைசியா சொன்ன கருவிழியை ஞாபகம் வச்சுக்கோங்க. அப்புறம் வேலை இருக்கு.

இந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் பிடிச்ச கதையும் சுவாரஸ்யம்தான். புற்றுக்கட்டி வளரணும்னா அதுக்குப் புது ரத்தக்குழாய் வேணும், அதை நிறுத்துனா கட்டி பட்டினி கிடக்கும்னு 1971-ல் ஜூடா ஃபோக்மேன்னு ஒரு அமெரிக்க சர்ஜன் எழுதினார். ரொம்ப பேர் நம்பல. 1989-ல் நெப்போலியோன் ஃபெராராவோட டீம் வி.இ.ஜி.எஃப்.பைத் தனியாப் பிரிச்சது. அதைப் பிடிச்சு அமுக்குற அவாஸ்டின் மருந்து 2004-ல் குடல் புற்றுநோய்க்குத்தான் வந்தது. கண் டாக்டர்கள் சும்மா இருப்பாங்களா? 2005-லயே அதைத் துளியா எடுத்துக் கண்ணுக்குள்ள போட ஆரம்பிச்சாங்க. கண்ணுக்குன்னே செஞ்ச லூசென்டிஸ் 2006-ல் வந்தது. விலை பல மடங்கு. வயசானவங்களுக்கு வர்ற விழித்திரை நோய்ல ரெண்டையும் நேருக்கு நேரா மோதவிட்டுப் பார்த்து, கிட்டத்தட்ட ஒரே பலன்தான்னு 2011-ல் அமெரிக்க ஆய்வு ஒண்ணு சொல்லிருச்சு. 2015-ல் லூசென்டிஸ் மாதிரியான மருந்தை நம்ம நாட்டுலயே தயாரிச்சு விக்க ஆரம்பிச்சாங்க.

அப்புறம் எதுக்குச் செடி, கொடின்னு தேடணும்? காரணம் அந்த ஊசி! மருந்து 0.05 மில்லி, ஒரே ஒரு துளி. ஆனா அது போற இடம் கண்ணோட வெள்ளைப் பகுதி, கருவிழி ஓரத்துலருந்து மூணரை, நாலு மில்லிமீட்டர் தள்ளி, நேரா உள்ள. மரத்துப்போக முதல்ல சொட்டு மருந்து விடுவாங்கதான். இருந்தாலும் 'கண்ணுல ஊசி'ன்னு சொன்னாலே பாதிப் பேர் எழுந்து ஓடிடுவாங்க. ஒரு தடவையோட முடியறதும் இல்ல. ஒண்ணு ரெண்டு மாசத்துல மருந்தோட வேகம் குறைஞ்சதும் நிறைய பேருக்கு மறுபடியும் போடணும். ஒவ்வொரு தடவையும் பஸ், துணைக்கு ஒரு ஆள், அந்த ஆளோட ஒருநாள் கூலி. மேலக்கால், சோழவந்தான் பக்கம் வயல் வேலைக்குப் போறவங்க வீட்டுல இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. நாலாவது ஊசிக்குப் போக மாட்டாங்க. இதையே ஒரு சொட்டு மருந்தாவோ மாத்திரையாவோ மாத்த முடிஞ்சா? அதுக்காகத்தான் உலகம் பூரா தேடுறாங்க.

தேடுற இடத்துல நம்ம ஊர்க் கனெக்ஷனும் உண்டு. மதுரைக்கு மருத மரத்தால பேர் வந்ததுன்னு சொல்லுவாங்கல்ல? அந்த மருத மரம், கடுக்காய் மரம் எல்லாம் ஒரே குடும்பம். அதே குடும்பத்துல தென் ஆப்பிரிக்காவுல ஒரு பெரியப்பா பையன் இருக்கான். வில்லோ மாதிரி ஆத்தங்கரையில நிக்கிற ஒரு காட்டு மரம். 1980-களில் அதோட பட்டையிலருந்து கோம்ப்ரெடாஸ்டாட்டின்னு ஒரு பொருளைப் பிரிச்சாங்க. புது ரத்தக்குழாயோட எலும்புக்கூட்டையே கலைச்சுப் போடுற ஆளு. முதல்ல புற்றுநோய்க்கு, அப்புறம் கண்ணுக்குன்னு மனுஷங்க மேலயே சோதனை வரைக்கும் போச்சு. கண் மருந்தா கடைக்கு வரல. (அதுக்காக மருதம்பட்டையைக் காய்ச்சிக் கண்ணுல விட்டுடாதீங்க. சொந்தக்காரன் டாக்டரா இருந்தா நாமளும் ஆபரேஷன் பண்ண முடியுமா என்ன?)

இன்னொரு கதை இதைவிட ஜோர். கிழக்காசியாவுல ஒரு ஆர்க்கிட் செடி, நாட்டு வைத்தியத்துல ரொம்ப நாளாப் புழக்கத்துல இருக்கிறது. அதுலருந்து கிடைச்ச கிரெமாஸ்ட்ரனோன் ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்குதுன்னு கொரியாக்காரங்க கண்டுபிடிச்சாங்க. அமெரிக்காவுல இண்டியானா பல்கலைக்கழகத்துல டிமதி கார்சன் டீம் கொரியாக்காரங்களோட சேர்ந்து அதைச் செடியே இல்லாம லேப்லயே செஞ்சுட்டாங்க. சரி, இது எதைப் பிடிச்சு அமுக்குதுன்னு தேடிக்கிட்டே போனா, 2017-ல் மாட்டுனது ஃபெரோகெலடேஸ்னு ஒரு என்சைம். ரத்தத்துக்குச் சிவப்பு கொடுக்குற ஹீம் இருக்கே, அதைச் செய்யறதுல கடைசி ஸ்டெப் இந்த என்சைமோடது. கண் நோய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு அதுவரைக்கும் யாரும் யோசிக்கல. அதைவிட காமெடி, இந்த என்சைமை அமுக்குற மாத்திரை ஏற்கெனவே மெடிக்கல் ஷாப்புல இருந்தது. படர்தாமரைக்குக் கொடுப்பாங்களே கிரிசியோஃபல்வின், அதான்! எலிக் கண்ணுல அதுவும் வேலை செஞ்சது.

செடியோட பெருமை எனக்கு இங்கதான் புரிஞ்சது. செடி நேரா மருந்து கொடுக்கலைன்னாலும், எந்தப் பூட்டைத் திறக்கணும்னு காட்டிக் கொடுக்குது. 2019-ல் ஹயசிந்த் குடும்பத்துக் கிழங்குச் செடிகள்ல இருக்கிற இதே மாதிரிப் பொருட்களை வரிசையா நிக்க வச்சு எது நல்லாத் தடுக்குதுன்னு பார்த்தாங்க. நம்ம காட்டுல கிடக்கிற நரிவெங்காயமும் அந்தக் குடும்பம்தான். ஆனா அதுல இதயத்தையே ஆட்டிப் பார்க்கிற விஷமும் இருக்கு. ஒரே குடும்பத்துல நல்லவனும் கெட்டவனும் இருக்கிறதுதான் நம்ம சினிமாவே, செடியிலயும் அப்படித்தான்.

நம்ம நாட்டுல? மஞ்சள்! ஹைதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு. சர்க்கரை நோய் வரவச்ச எலிகளோட விழித்திரையில வி.இ.ஜி.எஃப். எகிறிருச்சு. சாப்பாட்டுல மஞ்சளோட குர்குமின் கலந்து கொடுத்த எலிகளுக்கு அது அடங்குச்சு. 'பார்த்தியா, பாட்டி வைத்தியம்!'னு காலரைத் தூக்கறதுக்கு முன்னாடி, அதே நிறுவனத்தோட 2003 ஆய்வையும் படிங்க. அது கண்புரைக்கு. எலிச் சாப்பாட்டுல 0.002 சதவீதம் குர்குமின் போட்டா புரை வர லேட்டாச்சு. 0.01 சதவீதம் போட்டா ஆரம்பம் கொஞ்சம் தள்ளிப்போச்சு, ஆனா அதுக்கப்புறம் சும்மா இருந்த எலியைவிட வேகமா முத்திருச்சு! அஞ்சு மடங்கு கூடினதுக்கே கதை உல்டா. இன்னைக்கு வரைக்கும் கண்ணுல குழாய் வளர்றதைத் தடுக்கன்னு அங்கீகாரம் வாங்கின குர்குமின் மருந்து எதுவும் கிடையாது. குடல்ல அது ஒழுங்கா ஏறவே மாட்டேங்குதுங்கறது தனித் தலைவலி.

இப்ப நம்ம ஃப்ரெண்டு சொன்ன கொரியா பேப்பருக்கு வருவோம். வோகாங்கினை அவங்க ரெண்டு இடத்துல சோதிச்சாங்க. ஒண்ணு, தொப்புள்கொடி ரத்தக்குழாயிலருந்து வளர்த்த செல். இன்னொண்ணு, கோழி முட்டை.

முட்டையான்னு சிரிக்காதீங்க. நம்ம காலேஜ்கள்ல பயோடெக், பாட்டனி ப்ராஜெக்ட்டுக்கு முட்டை வாங்க அலைஞ்சவங்களுக்குத் தெரியும். நாமக்கல் கடை முட்டை ஆகாது, அதுல கரு இருக்காது. கரு கூடின முட்டையை வாங்கி, இன்குபேட்டர்ல வச்சு, சில நாள்ல ஓட்டுல பதமா ஒரு குட்டி ஜன்னல் வெட்டணும். உள்ள பார்த்தா, சத்தியமா, ஒரு நிமிஷம் மூச்சு நின்னுடும். சிவப்பு மரம் மாதிரி ரத்தக்குழாய்கள் கிளை விட்டுப் படர்ந்திருக்கும். நடுவுல துடிக்கிற புள்ளி. அந்தக் குழாய்ங்க மேல சாறு தடவின வட்டத் தாளை வச்சு, ஜன்னலை டேப் போட்டு மூடி, ரெண்டு நாள் கழிச்சுக் கிளைகளை எண்ணணும். குறைஞ்சிருந்தா ரிசல்ட் பாசிட்டிவ். செலவு கம்மி, எலி தேவையில்ல, எத்திக்ஸ் கமிட்டித் தொல்லையும் குறைவு. அதனாலதான் எல்லா காலேஜ்லயும் ஏதோ ஒரு இலையோட மெத்தனால் சாறு 'ரத்தக்குழாயைத் தடுக்கிறது'!

ஆனா ஒரு கேள்வியை யாருமே கேட்க மாட்டேங்கிறாங்க. குழாய் குறைஞ்சது சாறு அதைத் தடுத்ததாலயா, இல்ல குஞ்சே சாகக் கிடந்ததாலயா? ரெண்டுக்கும் கிளை எண்ணிக்கை குறையத்தான் செய்யும். கொரியாக்காரங்க விஷமாகாத அளவுலதான் சோதிச்சோம்னு காட்டினாங்க. அது பேப்பர். அதைக் காட்டாம, பத்து முட்டையில கிளை எண்ணி, கம்ப்யூட்டர்ல ரெண்டு கலர் படம் போட்டு, 'எதிர்காலத்தில் மருந்தாகலாம்'னு முடிக்கிறது... வைவா முடிஞ்சதும் பிரியாணி சாப்பிடப் போறதுக்கு மட்டும்தான் உதவும். நானும் அப்படி ஒரு ப்ராஜெக்ட் பண்ணினவன்தான், அந்த உரிமையில சொல்றேன்.

சரி, வோகாங்கின் நிஜமாவே வேலை செய்யுதுன்னே வச்சுக்குவோம். அப்பத்தா ஊத்துன சாறு விழித்திரைக்குப் போகுமா? கண் முன்னாடிலருந்து பின்னாடி வரைக்கும் சுமார் 24 மில்லிமீட்டர். டாக்டர் எழுதிக் கொடுக்கிற, நல்லாத் தயாரிச்ச சொட்டு மருந்துலயே 5 சதவீதத்துக்கும் கம்மிதான் கண்ணுக்குள்ள நுழையும். மீதி கண்ணீரோட வழிஞ்சு மூக்குக்குள்ள போயிடும். நுழைஞ்சதும் முன்பக்கமே நின்னுக்கும். பின்சுவருக்குப் போறதுக்குள்ள எதுவும் மிஞ்சாது. அதனாலதானே ஊசியே போடுறாங்க!

வேலை செய்யாதது மட்டும்னா பரவாயில்ல, தண்ணி ஊத்தின மாதிரின்னு விட்டுடலாம். கருவிழியை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்ல? 1996-ல் வெளியான மதுரை மாவட்டக் கணக்கு ஒண்ணு. வருஷத்துக்கு 1 லட்சம் பேர்ல 113 பேருக்குக் கருவிழிப் புண். அமெரிக்கக் கணக்கைவிடப் பத்து மடங்கு. நெல் உமி, சோளத் தட்டை, மாட்டு வால்னு எதுவோ கண்ணுல அடிச்சு, அந்தக் கீறல்ல பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறுறது. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்ச நம்ம அரவிந்த் கண் மருத்துவமனையோட டாக்டர்கள், கருவிழிப் புண்ணோட வந்தவங்ககிட்ட 'இதுக்கு முன்னாடி என்ன விட்டீங்க?'ன்னு கேட்டுக் கணக்கெடுத்து 1999-ல் வெளியிட்டாங்க. கிட்டத்தட்ட பாதிப் பேர் ஏதோ ஒரு நாட்டு மருந்தை விட்டுட்டு வந்திருந்தாங்க. இலைச்சாறோ, விளக்கெண்ணெயோ, தாய்ப்பாலோ, எதுவும் கிருமி நீக்கினது இல்ல. கழுவாத கை, கழுவாத பூ, மண்ணுல இருந்த பூஞ்சை, எல்லாம் ஒரே சொட்டுல உள்ள போகும். புண் ஆறினாலும் கருவிழியில வெள்ளைத் தழும்பு. அந்தத் தழும்பைத் தேடிக்கிட்டு எது வளரும்? ரத்தக்குழாய்! எதைத் தடுக்கன்னு ஊத்துனாங்களோ, அதையே இன்னொரு வாசல் வழியாக் கூட்டிட்டு வந்த மாதிரி.

செடியைக் கேவலப்படுத்தறேன்னு நினைக்காதீங்க. வயக்காட்டு ஊமத்தை இருக்கே, அதோட சாறு தெரியாத்தனமா கண்ணுல பட்டா பாப்பா விரிஞ்சு ஒரு நாள் பூரா வெளிச்சமே பார்க்க முடியாது. அந்த வேலையைச் செய்யற அட்ரோபினைத்தான் டாக்டருங்க அளந்து, சுத்தப்படுத்தி, சொட்டு மருந்தா வச்சிருக்காங்க. 0.01 சதவீதம்னு தண்ணியாக் கரைச்சு, குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை ஏறாம இருக்கவும் கொடுக்கிறாங்க. ஊமத்தங்காய்ல எவ்வளவு இருக்கும்? இந்தச் செடிக்கு ஒரு அளவு, அடுத்த செடிக்கு ஒரு அளவு. பாட்டிலுக்குள்ள எல்லாச் சொட்டும் ஒரே அளவு. இந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் இத்தனை வருஷம், இத்தனை எலி, இத்தனை பேர் உழைப்பு.

ஆக, ஃப்ரெண்டும் பொய் சொல்லல, அப்பத்தாவும் பைத்தியக்காரத்தனம் பண்ணல. நடுவுல ஒரு இருபது, முப்பது வருஷ வேலை பாக்கி. அவ்வளவுதான். அந்த வேலை முடியற வரைக்கும் அப்பத்தா கண்ணு காத்திருக்காதே!

2023-ல் வந்த கணக்குப்படி நம்ம நாட்டுல சுகர்காரங்க 10 கோடியைத் தாண்டியாச்சு. 40 வயசுக்கு மேல உள்ள சுகர்காரங்கள்ல 100-க்கு 12, 13 பேருக்கு விழித்திரை பாதிப்பு இருக்குன்னு 2022-ல் வந்த இன்னொரு ஆய்வு. பார்வை நல்லா இருக்குன்னு சொல்றவங்களும் அதுல அடக்கம். வருஷத்துக்கு ஒரு தடவை பாப்பாவை விரிச்சு விழித்திரையைப் பார்க்கணும். கண்ணாடி பவர் செக்கப் வேற, இது வேற. கண்ணாடிக் கடையில எழுத்து படிச்சுக் காட்டிட்டு வந்தா இது நடந்ததா ஆகாது. விழித்திரையை போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரே நோயைக் கண்டுபிடிக்கிற டெக்னிக் 2019-லயே மதுரை அரவிந்த்ல இறங்கிருச்சு. கூகுள்காரங்க நம்ம ஊர் தேடி வந்தது மல்லிகைப் பூ வாங்க இல்ல!

அப்பத்தாவை ஒருவழியாக் கிளப்பினோம். கோச்சடையில பஸ் ஏறி பெரியார்ல மாறுற வரைக்கும் அவங்க பேசவே இல்ல. ஆஸ்பத்திரியில விரிக்கிற சொட்டை விட்டு, வரிசையில உட்கார வச்சு, போட்டோ எடுத்து, டாக்டரம்மா படத்தைக் காட்டினாங்க. ஆரஞ்சுக் கலர் வட்டத்துல கொத்துக் கொத்தா, வேர் மாதிரி, புதுக் குழாய்கள். ஒரு ஓரத்துல கசிஞ்ச ரத்தம். நான் முட்டைக்குள்ள பார்த்த அதே சிவப்பு மரம்தான். அங்க அழகா இருந்தது.

லேசரும் ஊசியும் முடிவாச்சு. சீக்கிரம் வந்திருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னப்ப நான் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

முதல் ஊசி முடிஞ்சு வெளிய வந்ததும் கேட்டேன். "வலிச்சுச்சா அப்பத்தா?"

"எறும்பு கடிச்சாப்புல இருந்துச்சு. அதை விடு. அந்த டாக்டர் புள்ள, கண்ணுல என்ன ஊத்துனீங்க ஆத்தான்னு கேட்டுச்சு. நந்தியாவட்டைன்னேன்."

"திட்டினாங்களா?"

"இனிமே ஊத்தக்கூடாதுன்னுச்சு. திட்டலய்யா. ஒத்தைப் பூவா, அடுக்குப் பூவான்னு கேட்டு எழுதி வச்சுக்கிச்சு."